குன்றின் மேல் ஒரு வீடு

லண்டனின் கிழக்குப் புறத்தில், லெய்டன்ஸ்டோன் நெடுஞ்சாலையோரக் காய்கனிக் கடை ஒன்றின் மாடியில் 1899 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தார் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக். தந்தை வில்லியம் கடைக்காரர்; தாய் எம்மா. மூன்று பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. பருத்த உடலும், தனிமையை விரும்பும் சுபாவமும் கொண்ட அந்தச் சிறுவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, ஏதோ ஒரு குறும்புக்காகத் தந்தை அவனிடம் ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். சீட்டைப் படித்த காவலர், சிறுவனைச் சில நிமிடங்கள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தவறு செய்யும் பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று சொல்லி அனுப்பினார்.

இந்நிகழ்வைப் பின்னாளில் பேட்டிதோறும் ஹிட்ச்காக் சொல்லி வந்தார். சொல்லும்போதெல்லாம் வயதும் விவரமும் சற்றே மாறின. நிகழ்ந்தது எவ்வளவு, கதையாகக் கூட்டியது எவ்வளவு என்று இன்று பிரித்தறிய வழியில்லை. ஆனால், அந்த அறைக்கதவு மூடிய ஓசையை எழுபது வயதிலும் ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் உறுதி.

தாயைப் பற்றியும் அவர் ஒன்று சொல்லியிருக்கிறார். ஒவ்வோர் இரவும் தாயின் கட்டில் அருகே நின்று, அன்று செய்தவை அனைத்தையும் அவர் ஒப்புவிக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பம், பாவ அறிக்கை என்பது கோயிலோடு முடிந்துவிடாமல் வீட்டுப் படுக்கையறை வரை வந்தது. பிறகு சேசு சபையார் நடத்திய புனித இஞ்ஞாசியார் பள்ளி. அங்கே தண்டனை விதிக்கப்பட்ட மாணவன், அடியை எப்போது வாங்கிக்கொள்வது என்பதை அன்றைய நாளுக்குள் தானே முடிவு செய்யலாம். பெரும்பாலான சிறுவர்கள் மாலைவரை தள்ளிப்போடுவார்கள். ஆகவே, நாள் முழுவதும் அந்த அடி அவர்கள் கூடவே இருக்கும். திரைக்கலையில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தக் காத்திருப்பின் பதைப்பை, எந்தத் திரைப்படக் கல்லூரியும் இதைவிடத் தெளிவாகக் கற்றுத் தந்திருக்க முடியாது.

1914 இறுதியில் தந்தை இறந்தார். பதினைந்து வயதில் வேலைக்குப் போனவர், தந்திக் கம்பி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்த்து, விளம்பரப் பிரிவுக்கு மாறினார். 1920இல் இஸ்லிங்டன் படப்பிடிப்பு நிலையத்தில் மௌனப் படங்களுக்கு எழுத்தட்டைகள் வரையும் வேலை கிடைத்தது. அங்கேதான் படத்தொகுப்பாளர் ஆல்மா ரெவிலைச் சந்தித்தார். அவரைவிட ஒரே ஒரு நாள் இளையவரான ஆல்மா, அப்போது தொழிலில் அவரைவிட மூத்தவர். 1926 டிசம்பரில் மணம் செய்துகொண்ட இருவரும் இறுதிவரை இணைந்தே பணிபுரிந்தனர். ஹிட்ச்காக்கின் புகழில் ஆல்மாவுக்கு உரிய பங்கை உலகம் இன்னும் முழுமையாகக் கொடுத்துவிடவில்லை.

1939இல் அமெரிக்கா சென்றவர் எடுத்த முதல் படம் 'ரெபெக்கா'. அதில் பேய் இல்லை. ஆயினும் இறந்துபோன முதல் மனைவியின் நினைவு ஒரு மாளிகையை முழுவதுமாக ஆள்கிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. இயக்குநருக்கான விருது ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் வாழ்நாளில் அவர் கைக்கு வரவேயில்லை. 1942இல், போர்க்காலத்தில், இங்கிலாந்தில் தாய் எம்மா இறந்தபோது அவர் அமெரிக்காவில் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' படத்தின் பணியில் இருந்தார். இறுதிச் சடங்குக்குச் செல்ல இயலவில்லை. அந்தப் படத்தில் வரும் அன்பான, சற்றே வெள்ளந்தியான தாயின் பெயரும் எம்மாதான். அவருடைய படங்களில் பரிவோடு காட்டப்பட்ட தாய் அநேகமாக அவர் ஒருவரே.

மனநலப் பகுப்பாய்வு அமெரிக்காவில் நாகரிகமாக இருந்த காலம் அது. 1945இல் வந்த 'ஸ்பெல்பவுண்ட்' படத்தின் நாயகன், சிறுவயதில் தன்னால் நேர்ந்த தம்பியின் மரணத்தை மறந்தே போனவன். நினைவு திரும்பியதும் நோய் நீங்கிவிடுகிறது. காயத்தைக் கண்டுபிடித்தால் போதும், ஆறிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து 'சைக்கோ'வை எடுத்தபோது அந்த நம்பிக்கை அவரிடம் மிச்சம் இல்லை.

ராபர்ட் பிளாக்கின் நாவல் 1959இல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பிடிபட்ட ஒரு கொலைகாரனின் வழக்கு அதற்குத் தூண்டுதல். பாரமவுண்ட் நிறுவனம் இக்கதையை அருவருப்பாகக் கருதிப் பணம் போடத் தயங்கியது. ஹிட்ச்காக் தம் சொந்த நிறுவனத்தின் பொறுப்பில், தம் தொலைக்காட்சித் தொடரின் தொழிலாளர்களைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலர் செலவில் எடுத்து முடித்தார். சாலையோரத்தில் தாழ்ந்து படுத்திருக்கும் தங்கும் விடுதி. அதன் பின்னே குன்றின் மேல் செங்குத்தாக நிற்கும் பழைய வீடு. ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1925இல் தீட்டிய ரயில்பாதையோர வீட்டின் சாயல் அதற்கு உண்டு. கீழே மகன் நார்மன் விடுதியை நடத்துகிறான். மேலே ஜன்னலோரம் தாய் அமர்ந்திருக்கிறாள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட படத்தின் முடிச்சை அவிழ்ப்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தாய் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டாள், கொன்றவன் நார்மன். கொன்ற குற்றத்தைத் தாங்க முடியாமல், அவள் உடலைப் பதப்படுத்தி வைத்து, அவள் குரலில் தானே பேசி, அவளாகவே பாதி வாழ்கிறான். இறுதியில் ஒரு மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். படத்தின் ஆகப் பலவீனமான இடம் அது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் முடிந்த பிறகும் நார்மன் அதே இடத்தில், தாயின் குரலோடு, போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறான். காரணம் தெரிந்துவிட்டது, ஒன்றும் மாறவில்லை.

நார்மனாக நடித்த ஆன்டனி பெர்கின்ஸ் ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். அந்த ஒடிசலான உடலிலும் தயக்கமான சிரிப்பிலும் ஒரு குழந்தை ஒளிந்திருந்ததால்தான், பார்வையாளர் கொலைகாரனுக்காகவும் பதறினார்கள். முக்கால் நிமிடமே நீளும் குளியலறைக் காட்சியைப் படமாக்க ஏழு நாள்கள் ஆயின. அதற்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் கருதினார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேளாமல் இசைத்துக் காட்டினார். கேட்டதும் இயக்குநர் மனம் மாறினார். பிற்காலத் திரைப்படங்கள் பலவற்றில் அந்தத் தந்திக் கருவிகளின் கீச்சொலி எதிரொலித்தது. தமிழிலும், சிறுவயதுக் காயத்தோடு திரியும் கொலைகாரனைக் காட்டிய பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யில் 'சைக்கோ'வின் நிழல் விழுந்திருக்கிறது. ஹிட்ச்காக் இறந்த 1980ஆம் ஆண்டில்தான் அது வெளிவந்தது.

படப்பிடிப்பின்போது, தாயின் பதப்பட்ட உடலுக்கான பொம்மைகளை நாயகி ஜேனட் லீயின் ஒப்பனை அறையில் வைத்துவிட்டு, அவர் எந்த அளவுக்கு அலறுகிறார் என்று பார்த்து, எந்தப் பொம்மை வேண்டும் என ஹிட்ச்காக் தீர்மானித்தாராம். ஜேனட் லீ இதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து நடந்ததில் சிரிக்க எதுவும் இல்லை. 'தி பேர்ட்ஸ்' படத்தின் மாடியறைக் காட்சிக்கு இயந்திரப் பறவைகள் பயன்படுத்தப்படும் என்றுதான் டிப்பி ஹெட்ரனிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால், உயிருள்ள பறவைகள் நாள்கணக்கில் அவர் மேல் வீசப்பட்டன. கண்ணருகே காயம் பட்டு, அவர் உடைந்துபோன பிறகே அது நின்றது. அடுத்த படமான 'மார்னி'யின்போது ஹிட்ச்காக் தம்மிடம் அத்துமீறியதாகவும், மறுத்ததால் ஒப்பந்தத்தைக் காட்டித் தம் தொழிலை முடக்கியதாகவும் 2016இல் எழுதிய தன்வரலாற்றில் ஹெட்ரன் குற்றம் சாட்டினார். பதில் சொல்ல ஹிட்ச்காக் உயிரோடு இல்லை.

'மார்னி'யும் சிறுவயதில் தாயின் வீட்டில் நடந்த ஒரு கொடுமையிலிருந்து மீளாத பெண்ணின் கதை. அப்படிப்பட்ட பெண்ணின் மீது அத்தனை பரிவு காட்டிய கண், கேமராவுக்கு இப்பால் நின்ற பெண்ணைக் காணவில்லை. பூட்டிய அறையில் அஞ்சி நின்ற சிறுவனைச் சொல்லி இதற்கு மன்னிப்புத் தேடுவோர் உண்டு. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சிலவும் அந்தச் சாய்வோடு எழுதப்பட்டவையே. அச்சத்தை அறிந்தவர் என்பதால் அவர் பிறரை அச்சுறுத்த உரிமை பெற்றவர் ஆகமாட்டார். அறிந்தே செய்தார் என்பதுதான் அவர்மீதான வழக்கைக் கனமாக்குகிறது. படங்களை நாம் தொடர்ந்து பார்க்கிறோம், பார்க்கவும் வேண்டும். மாடியறையில் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இறுதி ஆண்டுகள் நோயில் கழிந்தன. 1980 புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் 'சர்' பட்டம் வந்தது. ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் இறந்தார். அஸ்தி பசிபிக் பெருங்கடலில் கரைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் ஆல்மாவும் மறைந்தார்.

லெய்டன்ஸ்டோனில் அவர் பிறந்த வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. 'சைக்கோ'வின் வீடோ இடம் மாற்றப்பட்டும் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் நிற்கிறது; சுற்றுலா வண்டிகள் அதைத் தினமும் கடந்து செல்கின்றன. படத்துக்காக அதைக் கட்டியபோது முன்புறமும் ஒரு பக்கச் சுவரும் மட்டுமே எழுப்பினார்கள். கேமரா பின்பக்கம் போகாது என்பதால், அங்கே சுவர் எழுப்பவில்லை.