எலும்பினுள் நோக்கிய அறிஞர்

ஐதராபாத்திற்கு அண்மையில் உள்ளது நல்கொண்டா மாவட்டம். அங்குள்ள பல சிற்றூர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்தது. அந்நீரைப் பல்லாண்டுகள் பருகியோரின் எலும்பு, ஊடுகதிர்ப் படத்தில் இயல்பினும் அடர்த்தியாகத் தோன்றும். ஆயினும் அதன் தரம் குன்றியிருக்கும். அடர்த்தி மிக்க எலும்பெல்லாம் உறுதி மிக்கது அன்று. அங்ஙனமாயின், எலும்பின் உறுதி எதில் உள்ளது? உடலைத் திறவாமலே அதனை அறிவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண உதவியவர் ஜி. என். இராமச்சந்திரன்.

திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இவர், 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். கணக்கில் மகனுக்கு நாட்டத்தை வளர்த்தவரும் அவரே. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூர் சென்றார். அங்கே சர் சி. வி. இராமனின் ஈர்ப்பால் இயற்பியலுக்கே திரும்பினார். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்து நாடு திரும்பிய அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

எலும்பு சுண்ணாம்புச் சத்தால் மட்டும் ஆனதன்று. தீயிலிட்ட எலும்பு தொட்டால் உதிரும். வினிகரில் பல நாள் ஊறிய எலும்பு ரப்பர்போல் வளையும். முன்னதில் நார் எரிந்துபோயிற்று. பின்னதில் உப்பு கரைந்துபோயிற்று. இரண்டும் இணைந்திருந்தால்தான் உறுதி. அந்த நாரே கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் அந்நாளில் எவருக்கும் தெளிவாகப் புலப்படவில்லை. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாணில் ஊடுகதிரைச் செலுத்தி ஆராய்ந்தார். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என 1954இல் அறிவித்தார்.

அம்மாதிரியில் சில அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என வெளிநாட்டு அறிஞர்கள் குறை கூறித் திருத்தினர். மூவிழை என்னும் அடிப்படையோ நிலைத்தது. இராமச்சந்திரன் குறைகேட்டுச் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆய்வுப் பொருளாக்கினார். அதன் பயனாக 1963இல் பிறந்ததே, இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடம்.

1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் இணைந்து மற்றொரு பணி செய்தார். பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உள்வடிவத்தைக் கணித்து வரையலாம். ஆனால், அக்கணக்கு மிக நீண்டது. அதனைச் சுருக்கிக் கணினி விரைந்து செய்யத்தக்க முறையை இருவரும் வகுத்தனர். அதே ஆண்டில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி, முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பின்னர் வந்த சி.டி. ஸ்கேன் கருவிகள் பலவற்றில் இராமச்சந்திரன் வகுத்த முறை பல்லாண்டுகள் பயன்பட்டது.

1977இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. சி.டி. கருவிக்கான நோபல் பரிசு 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு வாய்க்கவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோயால் வருந்திய அவர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இன்று ஒரு மூதாட்டியின் இடுப்பெலும்பை ஸ்கேன் வழியே காணும் மருத்துவர், உப்பின் அடர்த்தியோடு உள்ளே பின்னிய வலையமைப்பையும் நோக்குகிறார். எலும்பு முறிவதற்கு முன்பே காக்க அது வழி செய்கிறது. பரிசு கிட்டாமற் போகலாம்; பயன் மறைவதில்லை.

சிந்தித்து எழுதுக

1. அடர்த்தியும் உறுதியும் ஒன்றல்ல என்பதை நல்கொண்டா எவ்வாறு உணர்த்துகிறது?
2. பிறர் கூறிய குறையை இராமச்சந்திரன் எவ்வாறு பயன்படுத்திக்கொண்டார்?
3. உன் பணியில் ஒருவர் குறை கண்டால் நீ என்ன செய்வாய்? ஐந்து வரிகளில் எழுதுக.