ஒரு ஷில்லிங்கில் உலகைத் திறந்தவர்



வெளிநாடு போகணும் என்று ஆசைப்படாதவர் நம்மில் யார்? ஈபிள் கோபுரம், பிரமிடு, பனி மூடிய ஆல்ப்ஸ் மலை என்று எல்லாவற்றையும் காலண்டரில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒருநாள் கையில் காசு சேர்ந்து நிஜமாகவே கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன கேள்வி வரும் தெரியுமா? நமக்கென்று தனியாக ஒரு கைடை அமர்த்திக்கொண்டு போவதா, அல்லது ஐம்பது பேரில் ஒருவராகக் கூட்டத்தோடு சேர்ந்து போவதா?

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே ஒரு காலத்தில் சாதாரண மக்களுக்கு வழி கிடையாது. பணக்காரன் தனியாகப் போவான், ஏழை வீட்டில் இருப்பான். அவ்வளவுதான். அந்த நிலையை மாற்றியவர் ஒரு தோட்டக்கூலிப் பையன். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் பெயர் தாமஸ் குக். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் நம் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

அவருக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபு வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸ், இத்தாலி என்று இரண்டு மூன்று வருஷம் சுற்றிவிட்டு வருவார்கள். இதற்கு கிராண்ட் டூர் என்று பெயர். கூடவே ஒரு ஆசிரியரும் போவார். பாஷை, சரித்திரம், நாகரிகம் எல்லாம் வழியிலேயே சொல்லிக்கொடுப்பார். பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்கிறோமே, அந்த ஆடம் ஸ்மித்கூட 1764-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, பக்ளூ கோமகன் என்ற இளைஞருக்குப் பயண ஆசிரியராகப் போனார். சம்பளம் வருஷத்துக்கு 300 பவுண்டு. பயணம் முடிந்த பிறகும் ஆயுள் முழுக்க வருஷா வருஷம் 300 பவுண்டு! ஒரு வீட்டுப் பிள்ளை ஊர் பார்க்க ஆடம் ஸ்மித்தே கைடாகப் போனார் என்றால், தனி வழிகாட்டி எவ்வளவு பெரிய இடத்துச் சமாச்சாரம் பாருங்கள்.

இனி நம் நாயகனுக்கு வருவோம். தாமஸ் குக் 1808 நவம்பர் 22 அன்று இங்கிலாந்தில் டார்பிஷயர் மாவட்டத்தில் மெல்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பத்து வயதில் தோட்ட வேலை. ஒரு நாள் கூலி ஒரு பென்னி. பதினான்கு வயதில் ஒரு தச்சரிடம் மரக்கடைசல் வேலை பழகச் சேர்ந்தார். ஆமாம் மெக்கானிக்கல் நண்பர்களே, லேத் பிடித்தவர்தான்!

1828-ல் பாப்டிஸ்ட் சபையின் கிராமப் பிரசங்கியானார். ஊர் ஊராக நடை. ஒரே வருஷத்தில் 2,000 மைலுக்கு மேல் நடந்தே போயிருக்கிறார். அந்தக் கிராமங்களில் குடி எத்தனை குடும்பங்களை அழிக்கிறது என்று கண்ணால் கண்டார். தானும் மதுவைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்து, மதுவிலக்கு இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கினார்.

1841-ஆம் வருஷம். லெஸ்டர் நகரில் ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து சுமார் 15 மைல் நடந்து போய்க்கொண்டிருந்தார். ரயில் புதிதாக வந்திருந்த காலம். இந்த ரயிலை நம் இயக்கத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்று வழியில் ஒரு யோசனை தோன்றியது. ரயில் கம்பெனியிடம் போய்ப் பேசினார். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்குச் சுமார் 500 பேரோடு தனி ரயில் கிளம்பியது. போக வர கட்டணம் ஒரே ஒரு ஷில்லிங்!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 500 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக மொத்தம் 25 பவுண்டு. தனி ஒருவன் அந்த ரயிலை அமர்த்த நினைத்தால் கனவிலும் நடக்காது. ஐநூறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு ஷில்லிங்தான். நாம் இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது பஸ் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிறோமே, அதே கணக்குதான். நாற்பது பேர் வந்தால் ஒரு ரேட், இருபது பேர் வந்தால் ஒரு ரேட். கூட்டுப் பயணத்தின் முழு ரகசியமும் இந்த வகுத்தல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

1845-ல் லிவர்பூலுக்கு அழைத்துப் போனார். அந்தப் பயணத்துக்கு முன்னால் தானே அந்த ஊர்களுக்குப் போய்ப் பார்த்து, எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு கையேடும் அச்சடித்துக் கொடுத்தார். அச்சுத்தொழில்தான் அப்போது அவருடைய பிழைப்பு. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு ஆடம் ஸ்மித் செய்ததைத் தொழிலாளிக்கு அந்தச் சின்னப் புத்தகம் செய்தது.

எல்லாமே வெற்றி என்று நினைக்காதீர்கள். 1846-ல் ஸ்காட்லாந்துப் பயணம். ரயிலில் கழிவறை கிடையாது. வழியில் டீ கிடைக்கும் என்று சொன்ன இடத்தில் டீ இல்லை. கப்பலில் எல்லாருக்கும் படுக்க இடமும் போதவில்லை. கூட்டுப் பயணத்தின் பலவீனம் இதுதான். நடத்துகிறவர் ஓரிடத்தில் சறுக்கினால் கூட வந்த அத்தனை பேரும் சேர்ந்து கஷ்டப்படணும். குக் அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. ஒவ்வொரு குறையாகச் சரி செய்தார்.

1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதற்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேரை அழைத்துப் போனார். கையில் மொத்தமாகப் பணம் இல்லாத தொழிலாளிகளுக்காக வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் சேமிப்புச் சங்கங்கள் அமைத்தார்கள். பதினேழு வயது மகன் ஜான் மேசன் குக் தெருத்தெருவாக ஆள் சேர்த்தான். நம் வயதுதான் நண்பர்களே!

அடுத்து கடல் தாண்டினார். 1855-ல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி முதல் வெளிநாட்டுப் பயணம். பெல்ஜியம், ரைன் நதிக்கரை, பாரிஸ் என்று சுற்றி வந்தார்கள். அதில் அவருக்கு நஷ்டம். ஆனாலும் விடவில்லை. 1863-ல் சுவிட்சர்லாந்து, 1864-ல் இத்தாலி. சுவிஸ் பயணத்தில் ஜெமிமா மோரல் என்ற பெண்மணி போனார். தினமும் டைரி எழுதினார். கால் வரை தொங்கும் பாவாடையோடு விடியற்காலையில் எழுந்து கணவாய்களை ஏறிக் கடந்ததை அதில் படிக்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பெண் துணையில்லாமல் தனியாக நாடு விட்டு நாடு போவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். குக்கின் கூட்டம் அவர்களுக்குத் துணையாக இருந்தது. கைடு வைத்துக்கொள்ளப் பணம் இல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, தனியாகப் போக அனுமதி இல்லாதவர்களுக்கும் கூட்டம் கதவைத் திறந்துவிட்டது.

பெரிய மனிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர், 1865-ல் புனைபெயரில் ஒரு பத்திரிகையில் கேலி செய்து எழுதினார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் குக் இத்தாலிக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார் என்கிற அளவுக்குப் போனது அந்த ஏளனம். குக் பயப்படவில்லை. பத்திரிகையிலேயே பதில் கொடுத்தார்.

ஆனால் நியாயமாகப் பேசினால், தனியாகப் போகிறவர் பக்கமும் ஒரு பலம் இருக்கிறது. அதற்கு எகிப்தே சாட்சி. 1869-ல் குக் நைல் நதியில் நீராவிப் படகில் கூட்டத்தை அழைத்துப் போனார். கெய்ரோவிலிருந்து அஸ்வான் போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்று வாரம். பணக்காரர்களோ தஹபியா என்ற பாய்மரப் படகைத் தனியாக அமர்த்தி, துபாஷி ஒருவரையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போனார்கள். 1873-ல் எகிப்து வந்த அமீலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளர் அப்படித்தான் போனார். அபு சிம்பெல் கோயிலருகே அவர்கள் படகு பல நாட்கள் நின்றது. மணலில் புதைந்து கிடந்த, ஓவியங்கள் நிறைந்த ஒரு சிறு அறையை அவர் குழுவினர் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்தார்கள்! மணி அடித்தால் கிளம்பும் நீராவிப் படகில் போயிருந்தால் இது நடந்திருக்குமா? அந்தப் பயணம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1882-ல் எகிப்தின் தொல்பொருட்களைக் காக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். ஓரிடத்தில் வேண்டிய மட்டும் நிற்கலாம் என்ற சுதந்திரம் சாதாரணமானதல்ல.

குக் இதைப் புரிந்துகொண்டவர். அதனால்தான் மூன்றாவதாக ஒரு வழி செய்தார். ஹோட்டல் கூப்பன் கொண்டுவந்தார். லண்டனிலேயே பணத்தைக் கட்டிவிட்டால் படுக்கைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று கூப்பன்கள் கையில் வரும். வெளிநாட்டு ஹோட்டலில் அதைக் கொடுத்தால் போதும். பாஷை தெரியணும் என்பதில்லை, பேரம் பேச வேண்டாம். 1874-ல் சர்க்குலர் நோட் என்பதையும் வெளியிட்டார். வேற்று நாட்டில் கொடுத்து அந்த ஊர்ப் பணம் பெறும் சீட்டு அது. பின்னாளில் வந்த டிராவலர்ஸ் செக்குக்கு முன்னோடி. ஆக, கைடும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம் என்கிறவர், ஏற்பாட்டை மட்டும் குக்கிடம் வாங்கிக்கொண்டு தன் இஷ்டம்போல் சுற்றலாம்!

1872 செப்டம்பரில், தன் 63-வது வயதில், ஒரு சிறு குழுவோடு உலகத்தையே சுற்றக் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து என்று 222 நாள் பயணம்.

ஆனால் வீட்டுக்குள் பிளவு வந்தது. மகனுக்கு வியாபாரம் முக்கியம். தந்தைக்கோ மதுவிலக்கும், மதப்பணியும், ஏழைகளின் பயணமும் முக்கியம். 1870-களின் கடைசியில் தந்தை தன் சொந்தக் கம்பெனியிலிருந்து விலக நேர்ந்தது. மகன் கெட்டிக்காரர். 1881-ல் பம்பாயில் அலுவலகம் திறந்தார். 1886-ல் இந்திய அரசு மெக்கா யாத்திரிகர்களின் பயண ஏற்பாட்டை அந்தக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஐரோப்பா போகும் நம் நாட்டு மகாராஜாக்களுக்காகத் தனிப் பிரிவே தொடங்கப்பட்டது. ஷில்லிங் டிக்கெட்டில் ஆரம்பித்த நிறுவனம் ராஜாக்களின் தனிப் பயணத்தில் வந்து நின்றது!

தந்தையின் கடைசி நாட்கள் துயரமானவை. 1880-ல் மகள் ஆனி, 1884-ல் மனைவி மேரியான் இருவரையும் இழந்தார். கண்பார்வையும் போனது. எத்தனையோ லட்சம் பேருக்கு உலகத்தைக் காட்டியவர் எதையும் பார்க்க முடியாதவராகி, 1892 ஜூலை 18 அன்று லெஸ்டரில் காலமானார். அமீலியா எட்வர்ட்ஸ் மறைந்ததும் அதே 1892-ல்தான். தனியாகப் போனவரும் கூட்டத்தை அழைத்துப் போனவரும் ஒரே வருஷத்தில் பயணத்தை முடித்தார்கள்.

அந்த பிரிட்டிஷ் நிறுவனம் பல கைகள் மாறி, 2019 செப்டம்பர் 23 அன்று திவாலானது. அன்று வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அரசாங்கமே விமானம் வைத்துக் கூட்டி வந்தது. கூட்டத்தோடு போகிறவரும் யாரை நம்பிப் பணம் கட்டுகிறோம் என்று விசாரித்துத்தான் கட்டணும் என்பது இதில் உள்ள பாடம்.

சரி, நம் கேள்விக்கு என்ன பதில்? எதற்காகப் போகிறோம் என்பதுதான் பதில். ஒரே விஷயத்தை நின்று நிதானமாகப் பார்க்கணும், காசும் இருக்கிறது என்றால் தனி வழிகாட்டி. பாஷை தெரியாத நாட்டில் முதல் தடவை கால் வைக்கிறோம், கையில் அளவான பணம் என்றால் கூட்டம். ஒருமுறை போய்ப் பழகிவிட்டால் குக் காட்டிய மூன்றாவது வழி.

ஆனால் கூட்டத்தோடு போகிறவரைக் கேலி செய்யாதீர்கள். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யோசித்துப் பார்த்தால் வகுப்பறையும் ஒரு கூட்டுப் பயணம்தான். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் முழுசாகக் கிடைத்தார். நமக்கு அறுபது பேருக்கு ஒருவர். வேகமாகப் போகிறவன் காத்திருக்கணும், மெதுவாக வருகிறவன் ஓடிப் பிடிக்கணும். இருந்தாலும் அந்த அறுபதில் ஒரு இடம் கிடைத்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். முதல் பயணத்துக்குக் கூட்டம் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். ஏறிய பிறகு, அமீலியா போல நமக்குப் பிடித்த இடத்தில் இறங்கி, நின்று, மணலைத் தோண்டிப் பார்ப்போம்!