காகிதத்தில் கோவில்களைப் பிடித்தவர்!

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி முடித்ததும் பக்தர்கள் செல்போனை எடுக்கிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் படம் விழுந்து விடுகிறது.

ஆனால் 1857-ம் ஆண்டில் ஒரு கோபுரத்தைப் படம் பிடிப்பது சாதாரண வேலை அல்ல. பெரிய மரக் காமிராவைத் தூக்கிச் செல்ல வேண்டும். கொளுத்தும் வெயிலில், ஒரு படத்துக்குப் பல நிமிடம் காத்து நிற்க வேண்டும். அதைச் செய்து காட்டியவர், காப்டன் லின்னேயஸ் டிரைப்.

பட்டாள வீரர்

டிரைப் 1822-ம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். வாலிப வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்றபோது புகைப்படக் கலையைக் கற்றார். 1855-ல் பர்மா சென்று படம் எடுத்தார். 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

மெழுகுக் காகிதம்

அப்போது பிலிம் கிடையாது. டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே நெகடிவ் ஆக்கினார். காகிதத்தில் மெழுகு ஏற்றுவார். வெள்ளி உப்பைப் பூசுவார். பிறகு காமிராவில் வைப்பார்.

காகிதத்தின் நார் வழியே ஒளி புகுந்ததால், படத்தில் மெல்லிய பொரிப்பு விழுந்தது. பொடி மணல் தூவியது போன்ற அந்தப் பொரிப்பு, கருங்கல் சுவருக்கு உயிர் கொடுத்தது!

பின்னாளில் வந்த கறுப்பு வெள்ளைப் பிலிமில் பொரிப்புக்குக் காரணம் வேறு. அது வெள்ளித் துகள்களால் வருவது. வேகமான பிலிமில் துகள்கள் பெரியவை. அதிக நேரம் கழுவி, சிறு பகுதியை மட்டும் பெரிதாக்கினால், புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அந்த அழகுக்காகவே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

டிரைப்புக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. நீல வானம் படத்தில் வெறும் வெள்ளையாக விழும். அவர் சளைக்கவில்லை. நெகடிவில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார்!

19 அடி நீளப் படம்

1857 டிசம்பரில் பயணம் தொடங்கியது. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஊர் ஊராகச் சென்றார்.

தஞ்சைப் பெரிய கோவிலின் அடிச் சுவரில் கல்வெட்டுகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிடித்து, 21 படங்களை ஒட்டினார். சுமார் 19 அடி நீளச் சுருள் உருவாயிற்று. படிக்க விரும்புவோருக்குக் கல்லே காகிதமாக வந்து சேர்ந்தது.

விழுந்தது அடி

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. 1859-ல் கவர்னராக வந்த டிரவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று கருதினார். புகைப்பட நிலையம் மூடப்பட்டது.

டிரைப் பட்டாள வேலைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902-ல் காலமானார்.

செலவு என்று நிறுத்தப்பட்ட அந்த வேலை, இன்று விலை மதிக்க முடியாத செல்வம். அன்றைய கோபுரங்களும் மண்டபங்களும் தெப்பக்குளங்களும் எப்படி இருந்தன என்பதை, டிரைப்பின் மெழுகுக் காகிதங்கள்தான் நமக்குக் காட்டுகின்றன.