இலையைச் சோதித்துப் பார்த்த அசீமா சட்டர்ஜி

மலருக்கு ஒரு சாதனைப் பெண்மணியைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நான் அசீமா சட்டர்ஜி அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகள்தான் இவரைப் பற்றி எனக்குச் சொன்னாள்.

இவர் 1917-இல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா டாக்டர். செடிகொடி மேல ரொம்ப ஈடுபாடு உள்ளவர். அது மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் வேதியியல் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் படித்து, 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். இந்தியப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் இவர்தான்.

1947-இல் 11 மாதக் கைக்குழந்தையோடு மேல் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போனார். குழுக் கூட்டத்துக்கு வரவே பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிக்கிற நமக்கு அதோட அருமை நல்லாத் தெரியும்.

திரும்பி வந்த பிறகு, மூலிகைகளில் நோயைத் தீர்க்கும் பொருள் எது என்று தேடுவதே இவர் வேலையானது. இலையையும் வேரையும் காயவைத்து, இடித்து, சாராயம் போன்ற திரவத்தில் ஊறவைத்துச் சத்தை இறக்கணும். அதில் கலந்திருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கணும். பிறகுதான் எது குணமாக்கும், எது கெடுக்கும், எவ்வளவு கொடுக்கலாம் என்ற சோதனை. இதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

1967-இல் சில மாத இடைவெளியில் அப்பாவையும் கணவரையும் இழந்தார். உடம்பும் படுத்தியது. ஆனாலும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். நம்ம வயல் ஓரத்தில் முளைக்கிற ஆரைக்கீரை வகையிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து உருவாக்கினார். 1975-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் இவரே. 2006-இல் காலமானார்.

இவர் ஆராய்ந்த பொருள்களில் நித்தியகல்யாணிச் செடியின் சத்துகளும் உண்டு. அந்த இலையைச் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று 1950-களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் புற்றுநோய் மருந்து கண்டுபிடித்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை இன்றும் காப்பாற்றும் மருந்துகளில் இந்தச் செடியின் மருந்தும் ஒன்று. ஆனால் காய்ந்த இலை சுமார் 500 கிலோ இருந்தால்தான் அப்படி ஒரு மருந்து 1 கிராம் கிடைக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்க அத்தைக்கு மார்பில் கட்டி வந்தப்போ, யாரோ சொன்னாங்கன்னு இந்த இலையை அரைத்து ஐந்து மாசம் குடிச்சாங்க. அரைச்சுக் கொடுத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போனப்போ கட்டி பரவியிருந்தது. காப்பாற்ற முடியலை. அந்த இலைச்சாறு அளவு தெரியாமல் குடித்தால் விஷம் என்பதும் எனக்கு அப்போ தெரியாது.

அசீமா அம்மாவுக்கு நம்ம மூலிகைகள் மேல நம்மைவிட நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கையால்தான் ஆயுள் முழுக்கச் சோதித்துப் பார்த்தார். கட்டி என்று கை உணர்ந்தால், சகோதரிகளே, அம்மியைத் தேடாதீங்க. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. துணைக்கு ஆள் இல்லைன்னா குழுவில் சொல்லுங்க, நான் வர்றேன்.