நட்ட தூணைத் திரும்பிப் பார்த்தவர்

சிவில் படிக்கும் நாம் சாயில் மெக்கானிக்ஸ் பாடத்தில் டெர்சாகியின் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்த ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் தேடிப் படித்ததைச் சுருக்கித் தருகிறேன்.

கார்ல் டெர்சாகி 1883-ல் பிராக் நகரில் ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிராஸ் நகரில் 1904-ல் அவர் வாங்கிய பட்டம் மெக்கானிக்கல்! பிறகுதான் கட்டுமான வேலைக்கு வந்தார். மண்ணைப் பற்றி இன்ஜினியர்களுக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம் என்பது அங்கேதான் அவருக்குப் புரிந்தது. இஸ்தான்புல் ராபர்ட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, காலி சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப்போட்ட சாமான்களையும் வைத்தே சோதனைக் கருவிகள் செய்தார். பாரம் ஏறினால் களிமண்ணில் உள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேறும்; அதனால்தான் கட்டடம் வருடக்கணக்கில் அமிழ்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். 1925-ல் வெளிவந்த அவரது ஜெர்மன் நூலோடு மண் இயக்கவியல் தனித் துறையாயிற்று.

கணக்குப் போட்டாச்சு, வேலை முடிஞ்சுது என்று அவர் இருக்கவில்லை. கட்டும்போதும் கட்டிய பின்பும் அசைவை அளந்து, அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்பது அவர் வழி. அவருடன் பணியாற்றிய ரால்ஃப் பெக் 1969-ல் இதை முறைப்படுத்தி எழுதினார். எங்க அப்பா பந்தல் தோட்டங்களுக்குக் கல்தூண் நடுபவர். முதல் மழை விட்டதும் போய் ஒவ்வொரு தூணையும் ஆட்டிப் பார்த்துட்டுத்தான் வருவார். அதே புத்திதான் இதுவும்.

எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலத்தைப் பற்றி 1952-ல் டெர்சாகி நீண்ட கட்டுரை எழுதினார். 1963-ல் அமெரிக்காவில் காலமானார். 1977-ல் அலாஸ்காவில், அவர் எழுதிய அதே மாதிரி நிலத்தைக் கடந்து எண்ணெய்க் குழாய் ஓடத் தொடங்கியது. மொத்தம் சுமார் 1,287 கி.மீ.; அதில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே, சுமார் 78,000 தூண்கள் தாங்க நிற்கிறது. உள்ளே சூடான எண்ணெய், கீழே உறைந்த மண். மண் உருகினால் தூண் இறங்கும். மேல்மண் உறைந்து உப்பினால் தூணை மேலே பிடுங்கும். அதனால் பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழல்களை வைத்து மண்ணின் வெப்பத்தை வெளியேற்றுகிறார்கள். குழாய் நீளவும் சுருங்கவும் குறுக்குச் சட்டத்தின் மேல் வழுக்கி நகர விட்டிருக்கிறார்கள். தூண்களின் மட்டத்தையும் சாய்வையும் கண்காணித்துச் சரிசெய்கிறார்கள். 2002-ல் 7.9 அளவு நிலநடுக்கம் வந்தது. சில தாங்கிகள் சேதமாயின. ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தவில்லை.

நம்ம தருமபுரியில் நிலம் உறைவதில்லை. ஆனாலும் இங்கேயும் மண் அசையும். நாளைக்கு நாம் ஒரு பாலமோ தண்ணீர்த் தொட்டியோ கட்டுவோம். பில் பாஸானதோடு விட்டுவிடாமல், மறு வருஷமும் டம்பி லெவலோடு போய்ப் பார்ப்போம். டெர்சாகிக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.