மலைகளின் ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்

ஈப்போ நகரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்கின்றன. காலை மூடுபனியில் நீலமாகத் தெரியும் அவை மாலை வெயிலில் செம்மஞ்சளாக மாறிவிடும். கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்த குடும்பங்கள் பேராக்கில் ஏராளம். மலையில் தெய்வம் உறைகிறது என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. அந்த எண்ணத்தை ஆயிரக்கணக்கான ஓவியங்களில் தீட்டிய ஒருவர், மலைகளே இல்லாத நகரத்தில் பிறந்தார். அவர்தாம் நிக்கோலஸ் ரோரிக்.

ரோரிக் 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை சட்டத்துறையைச் சார்ந்தவர்; மகனும் அத்துறைக்கே வரவேண்டும் என்று விரும்பினார். மகனின் நாட்டமோ ஓவியத்தில் இருந்தது. எனவே ரோரிக் பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும் கலைக்கழகத்தில் ஓவியத்தையும் ஒரே காலத்தில் பயின்றார். குடும்பத்தின் பண்ணைவீட்டருகே இருந்த பழங்காலப் புதைமேடுகளைத் தோண்டி ஆராயும் ஆர்வமும் சிறுவயதிலேயே அவருக்கு இருந்தது.

1903, 1904ஆம் ஆண்டுகளில் அவர் மனைவி ஹெலெனாவுடன் ரஷ்யாவின் பழைய ஊர்களுக்குச் சென்றார். கோட்டைகளும் தேவாலயங்களும் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தன. அவற்றை வரைந்து வைத்தார். அவற்றுள் சில பின்னாளில் இடிந்தே போயின. ஆளும் மக்களும் மாறலாம், மூதாதையர் கட்டியது ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது என்ற கவலை அன்றே அவரைப் பற்றிக்கொண்டது.

1917இல் ரஷ்யப் புரட்சி வெடித்தபோது ரோரிக் குடும்பத்தோடு பின்லாந்தில் இருந்தார். அதன்பின் அவர் தாயகத்தில் குடியேறவே இல்லை. இலண்டன், அமெரிக்கா எனச் சென்றவர் 1923ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவை அடைந்தார். டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்கா சிகரத்தைக் கண்டார். அவருடைய தூரிகை தேடிக்கொண்டிருந்தது அங்கே கிடைத்தது எனலாம்.

1925இல் தொடங்கிய நெடும்பயணம் அவரை லடாக், சீனத் துருக்கிஸ்தான், அல்தாய், மங்கோலியா, திபெத் ஆகிய பகுதிகளுக்கு அழைத்துச் சென்றது. திபெத்தில் தலைநகர் லாசாவுக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஐந்து மாதக் குளிர்காலத்தைக் கோடைக்கால கூடாரங்களிலேயே கழிக்க நேர்ந்தது. உணவும் மருந்தும் குறைந்தன. குழுவில் ஐவர் இறந்தனர். சுமை விலங்குகளில் பெரும்பாலானவை மாண்டன. அவருடைய படங்களில் பனி அமைதியாக ஒளிர்வதைக் காண்போர், அந்தப் பனியை அவர் எப்படி அறிந்தார் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் கறுத்துவிடும் என்பதால் அவர் பெரும்பாலும் டெம்பரா வண்ணத்தையே பயன்படுத்தினார். பசை போன்ற பொருளில் வண்ணப்பொடியைக் குழைத்துச் செய்வது அது. அதில் பளபளப்பு இராது. நிறம் மட்டும் பளிச்சென்று நிற்கும். அடர்நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என அடுக்கடுக்காக மலைகள் எழும். புத்தர், கண்ணன், லாவோட்சு, திபெத்தியத் துறவி மிலரேபா ஆகியோரும் அவர் படங்களில் வருவர். ஆனால், பெரும்பாலும் மனித உருவம் மிகச் சிறியதாகவே இருக்கும், மலைதான் கதைத்தலைவன்.

போரிலும் கலைச்செல்வங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ரோரிக் வாதாடினார். மருத்துவமனைக்குச் செஞ்சிலுவை இருப்பதுபோல, அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு கொடி வேண்டும் என்பது அவர் கருத்து. வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம், அதனுள் மூன்று சிவப்புப் புள்ளிகள். 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அமெரிக்க வெள்ளை மாளிகையில் 21 நாடுகள் 'ரோரிக் உடன்படிக்கை'யில் கையொப்பமிட்டன. போர் இல்லாத இடங்களிலும் இக்கேள்வி எழுகிறது. ஈப்போவுக்கு அருகே தம்புன் குன்றின் பாறையில் தொல்மனிதர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் உள்ளன. அதே வகைக் குன்றுகளைச் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கிறார்கள். ரப்பர்த் தோட்டம் கைமாறும்போது அங்குள்ள கோயிலும் தமிழ்ப்பள்ளியும் என்னவாகும் என்று கேட்காத பழைய தோட்டக்காரர் உண்டா?

பிறர் செல்வத்தைக் காக்கச் சட்டம் கண்டவரால் தம் செல்வத்தைக் காக்க முடியவில்லை. நியூயார்க்கில் அவருடைய படங்களுக்காகவே 1929இல் ஒரு வானளாவிய கட்டடம் எழுந்திருந்தது. அதற்குப் பொருளுதவி செய்த செல்வந்தர் 1935இல் உறவை முறித்துக்கொண்டார். வழக்கு நடந்தது, கட்டடமும் அதிலிருந்த ஓவியங்களும் கைவிட்டுப் போயின.

அப்போது ரோரிக் இமயமலையின் குலு பள்ளத்தாக்கில், நக்கர் என்னும் சிற்றூரில் வாழ்ந்துவந்தார். அங்கே 1928இல் 'உருஸ்வதி' என்ற ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்தார். அதில் மூலிகைகளும் திபெத்திய மருத்துவமும் ஆராயப்பட்டன. 1942இல் ஜவகர்லால் நேரு மகள் இந்திராவுடன் அவரைக் காண வந்தார். உலகப்போர் முடிந்ததும் ரஷ்யா திரும்ப ரோரிக் விரும்பினார், அனுமதி வரவில்லை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் நக்கரிலேயே மறைந்தார். உடல் எரியூட்டப்பட்ட இடத்தில், பனிமலைகளை நோக்கியபடி ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். மாடி அறைகளை வருவோர் சன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம்.

நியூயார்க்கில் அவருடைய அன்பர்கள் 1949இல் ஒரு பழைய குடியிருப்பு வீட்டில் அருங்காட்சியகத்தை மீண்டும் திறந்தனர். குறுகிய மாடிப்படிகளும் சிறிய அறைகளும் கொண்ட வீடு அது. சுவரெங்கும் இமயமலை. அங்கிருந்து நான்கு தெருக்கள் தள்ளிப் பழைய வானளாவிய கட்டடமும் நிற்கிறது. அதில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள்.