எல்லாப்பிரகட சுப்பாராவ்

அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இளமையிற் படிப்பு எளிதாய் வாய்க்கவில்லை. இருமுறை தவறிய மெட்ரிகுலேஷன் தேர்வைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை வென்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். கதராடை அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார்.

அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. இந்நோய்க்கு மருந்து காணவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. 1922-இல், இளம் மனைவியைத் தாயகத்தில் விட்டு, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரையடைந்தார். மீண்டும் தாய்நாடு திரும்பினாரல்லர்.

ஹார்வர்டில் பிஸ்க் என்பாருடன் உழைத்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். அவ்வளவைக் கருவியே தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் உயிர்களின் ஆற்றற் செலாவணியாகிய ஏ.டி.பி.யையும் காண உதவிற்று. 1940-இல் லெடர்லி ஆய்வுச்சாலைக்குச் சென்றார். அவர் தலைமையிலிருந்த குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தை ஆக்கினர். அஃது ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாயிற்று; தமையனும் தம்பியும் அதனைக் காண இருந்திலர்.

அவ்விரு பொருள்களின் பயன் அவர் அறிந்ததனினும் விரிந்தது. காஞ்சிபுரம், மாகறல் பக்கத்து நெசவாளர் பட்டிழையின் பசையை நீக்கிச் சாயமேற்றிய பின்னரே தறியிற் பூட்டுவர். அங்ஙனமே உயிரணுவும், புரதத்தை நெய்யுமுன், ஆர்.என்.ஏ. இழையிற் சிற்சில எழுத்துகளை நொதிகளாற் செப்பஞ் செய்கின்றது. ஆங்குச் சேர்க்கப்படும் மெத்தில் தொகுதிகளிற் பெரும்பாலானவற்றை வழங்கும் பொருள், மெத்தியோனினும் ஏ.டி.பி.யும் கூடி உண்டாவது. உயிரணுவின் ஆற்றற் சாலையாகிய மைட்டோகாண்ட்ரியாவிலோ, எம்.டி.ஓ.1 என்னும் நொதி பங்குகொள்ளும் செப்பத்திற்குக் கரியணுவொன்றைத் தருவது போலிக் அமிலத்தின் வழிப்பொருளே.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்நொதியின் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கு இதயத் தசை தடிப்பதும், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுவதும் உண்டு. பெற்றோர் நோயின்றியே இருப்பர். நூலிற் சிறு சாயம் தவறின் சேலை முழுதும் கெடுவதுபோல, ஓரெழுத்தின் செப்பம் தவறின் உயிரே இடருறும்.

சுப்பாராவ் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் 53-ஆம் வயதில் மறைந்தார். நோபெல் பரிசு அவரை நாடவில்லை. ஆயினும், போலிக் அமிலத்தை எதிர்க்குமாறு அவர் குழுவினர் சமைத்த அமினோப்டெரின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதன்முதல் சிறிது காலம் உயிர் நீட்டித் தந்தது. அதன் வழித்தோன்றலாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழங்குகின்றது.

மாணவ நண்பர்களே, தேர்விற் றவறியோரும் பட்டங் குறைந்தோரும் மனந்தளர வேண்டா. ஒரு சிறு பொருளைப் பிழையற அளக்கக் கற்றவன், தான் காணாத தலைமுறைக்கும் உதவி செய்பவனாவான்.